கெத்தாராமையில் ஒரு நேர்த்தி

அந்தோனியாரிடம் நேர்த்தி வைக்கும்போது வாயைக் கொஞ்சம் அடக்கவேண்டும் என்று கொட்டாஞ்சேனையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று சொல்லலாம். ஏழைகளுக்குச் சாப்பிடப் பாண் வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லலாம். இத்தனை செவ்வாய்க்கிழமை விடாமல் கொச்சிக்கடைக் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லலாம். இவையெல்லாம் கைக்கு அடக்கமான நேர்த்திகள். றஞ்சிதம் அக்கா மட்டும் கெத்தாராமை மைதானத்தில் நடக்கப்போகும் அடுத்த கிரிக்கெட் ஆட்டத்தை நேர்த்தி வைத்தார். புருஷனும் தானும் சேர்ந்துபோய், அவர் வழக்கமாக இருக்கும் பக்கத்திலேயே இருந்து, முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை பார்ப்பதாக. வக்கீல் எழுதிய காணி உறுதியில்கூட ஓர் ஓட்டை இருக்கும், இதில் ஒன்றுமில்லை. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

நான் உஷாந்தி. கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வெள்ளவத்தையில் றஞ்சிதம் அக்கா சேல்ஸ் வேலை செய்யும் அதே புடவைக் கடையில் காசாளராக இருக்கிறேன். காசாளருக்குக் கதிரை உண்டு. சேல்ஸ் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆட்கள் இல்லாத நேரத்திலாவது ஸ்டூலில் இருக்கலாமே என்று ஒருமுறை முதலாளியிடம் கேட்டேன். "கஸ்டமர் உள்ளுக்கு வரேக்க இவளுகள் எழும்பினா, அதுவரைக்கும் சும்மா இருந்தவளுகள் எண்டு தெரிஞ்சிடும்" என்றார். அந்த மனிதருடைய மூளையை மெச்சிக்கொண்டு நான் என் கதிரைக்குத் திரும்பிவிட்டேன்.

அப்படியாக, ஐம்பத்திரண்டு வயதில், காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழரைவரை றஞ்சிதம் அக்கா நிற்பார். புடவையை விரிப்பார், மடிப்பார், மறுபடி விரிப்பார். கல்யாணத்துக்கு எடுக்க வருபவர்கள் நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு, கிருலப்பனையில் இன்னொரு கடையும் பார்க்கவேண்டும் என்று எழும்பிப் போவார்கள். பிறகு இரண்டு பஸ். இரண்டிலும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வருவோம். வீட்டுக்கு வந்தால் சமையல், அதற்குப் பிறகு புருஷனுக்குக் கை கால் தேய்த்துவிடுவது.

புருஷன் பேர்னாட் அண்ணன் துறைமுகத்தில் சரக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். கிரிக்கெட் என்றால் அவருக்கு விசர் என்று சொல்வது போதாது. கெத்தாராமையில் ஆட்டம் நடந்த மறுநாள் அவருக்குக் குரல் இருக்காது. வேலைத்தலத்தில் கையைக் காட்டிக் காட்டித்தான் வேலை செய்வாராம். கடைசி ஓவர் வந்தால் அவர் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். கதிரையில் ஏறி நின்று, கையில் இருப்பதையெல்லாம் எறிந்து, நடுவருடைய பரம்பரையையே இழுப்பார். கல்யாணம் முடித்த கிழமையே றஞ்சிதம் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்துக்கும் விட்டுவிட்டுப் போகவில்லை. அப்போது டிக்கட் என்பது ஒரு சோற்றுப் பார்சல் விலை. புருஷனும் பெண்சாதியும் கடற்கரைக்குப் போவது மாதிரி யோசிக்காமல் எழும்பிப் போகலாம்.

போன வருஷம், ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் இழுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். றஞ்சிதம் அக்கா அவருடைய காதுக்குள்ளே செபம் சொன்னார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அழுதார். ஒன்றுக்கும் அசைவில்லை. கடைசியில் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கும்போது, அதையும் அவருடைய காதுக்குள்ளேயே வைத்தார். இவரை எழுப்பி நடக்கவைத்தால் கெத்தாராமையில் நடக்கிற அடுத்த ஆட்டத்துக்கு இருவரும் வருவோம் என்று அவர் சொல்லும்போதுதான் பேர்னாட் அண்ணனின் இமை அசைந்தது. இமை அசைவதைக் கண்டதும் அக்காவுக்கு உஷார் வந்துவிட்டது. எந்தப் பக்கம், எந்தப் பந்திலிருந்து எந்தப் பந்துவரை என்று நீட்டிக்கொண்டே போனார். இப்படித்தான் அந்த உறுதி எழுதப்பட்டது.

மனிதர் எழும்பினார். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு பொல்லை ஊன்றி நடந்தார். பேச்சும் வந்தது, ஒரு சொல் வரும், அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கவேண்டும். றஞ்சிதம் அக்கா கொச்சிக்கடைக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு, கெத்தாராமையில் எப்போது ஆட்டம் என்று விசாரிக்கத் தொடங்கினார். அதற்குள் இருந்த ஆட்டங்கள் எல்லாம் கண்டிப் பக்கமும் தம்புள்ளைப் பக்கமும் போயிருந்தன. கெத்தாராமையில் அடுத்து நடக்கப்போவது உலகக் கிண்ண ஆட்டம் என்று அறிவித்தார்கள். ஆடப்போவது இலங்கை அல்ல, இரண்டு அயல்நாடுகள். அந்த இரண்டும் மோதினால் உலகமே பார்க்கும். பார்ப்பதற்குப் பிளேன் ஏறி வருவார்கள். கொழும்பு ஹோட்டல்களில் அறை முடிந்துவிட்டது என்று பேப்பரில் வந்தது. டிக்கட் விலையும் வந்தது. ஓர் ஆளுக்கு றஞ்சிதம் அக்காவின் மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி.

"அக்கா, உங்களுக்கு விசரே? இலங்கைகூட விளையாடேல்ல" என்றேன்.

"ஆர் விளையாடோணும் எண்டு நான் அந்தோனியாருக்குச் சொல்லேல்லயே" என்றார்.

"அடுத்த மெட்ச் எண்டதுக்கு, அடுத்த இலங்கை மெட்ச் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

"உனக்கு வந்து சொன்னவரோ?"

பேர்னாட் அண்ணனும் தன்னால் முடிந்தவரை சொன்னார். "டீவி... போதும்... றஞ்சி." அக்கா அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி, "நீங்க பேசாம இருங்கோ, இது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம்" என்றார். அவர் என்றது அந்தோனியாரை.

கடைசியில் நான்தான் பாதரிடம் போகச் சொன்னேன். நேர்த்தியை மாற்றித்தர பாதருக்கு அதிகாரம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் முடிந்ததும் இருவரும் போய்ச் சொன்னோம். பாதர் நல்ல மனிதர், சிரிக்காமல் கேட்டார். "அம்மா, இதை மாத்தலாம். அந்த ரெண்டு டிக்கட் காசிலயும் ஒரு பங்கை எடுத்து ஏழையளுக்குச் சாப்பாடு குடுங்கோ, போதும்" என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. றஞ்சிதம் அக்கா கேட்டார்: "அவர் பாதிக் காலையோ குடுத்தவர், பாதர்? முழுசாத்தானே குடுத்தவர். நான் மட்டும் என்னெண்டு பாதியைக் குடுக்கிறது?"

பாதர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லி ஓர் ஏழையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காசுக்கு வழி, நிற்பதுதான். தீபாவளிக்கு முன்னர் தொடங்கும் சீசன் நத்தார், புதுவருஷம், பொங்கல், தை மாதக் கல்யாணங்கள் என்று நீண்டுகொண்டே போகும். அந்தக் காலத்தில் கடை இரவு பத்துவரை திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். மேலதிக நேரத்துக்கு வர மற்றப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். றஞ்சிதம் அக்கா எல்லா நாளுக்கும் பெயர் கொடுத்தார். ஒரு ஞாயிறுகூட மிச்சமில்லை. நத்தார் அன்றைக்குப் பூசைக்குப் போனவர் முழந்தாளிட்டபடியே நித்திரையில் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் தோளைப் பிடித்து எழுப்பியிருக்கிறாள். கால் நரம்பு புடைத்து, பின்னேரமானால் செருப்பு இறுகும். கவுண்டருக்குள் இருந்து பார்க்கும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். யார் மேல் எரிச்சல் என்று தெரியாது. அந்தோனியார் மேலேயா, முதலாளி மேலேயா, டிக்கட்டுக்கு அப்படி ஒரு விலை வைத்தவர்கள் மேலேயா? பிளேன் ஏறி வருகிறவனுக்கு வைத்த விலையை பஸ் ஏறிப் போகிறவளும் கொடுக்கவேண்டும் என்றால், அது என்ன நியாயம்?

டிக்கட் விற்பனை தொடங்கிய நாள் நான் போனில் வரிசையில் நின்றேன். போனில் வரிசையா என்று அக்காவுக்கு நம்பமுடியவில்லை. "உங்களுக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று ஒரு படம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக உள்ளே போனால் மலிவான பக்கங்கள் எல்லாம் முடிந்திருந்தன. பேர்னாட் அண்ணன் வழக்கமாக இருக்கும் பக்கத்தில் இடம் இருந்தது. ஏன் இருந்தது என்றால், முன்பு இலக்கமில்லாத கதிரைகளில் நெருக்கியடித்து இருந்த அந்தப் பக்கத்துக்கு இப்போது இலக்கம் போட்ட கதிரைகள் வந்து, விலையும் மேலே போயிருந்தது.

"மற்றப் பக்கம் கொஞ்சம் குறைவு, அக்கா. அதை எடுப்பமா?"

"அவர் இருக்கிற பக்கம் எண்டுதான் சொன்னனான்" என்றார். கையில் ஒரு பெனாரசி, பாதி மடித்தபடி. எடுத்தேன். ஐந்து மாத நிற்பு, இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது.

ஆட்டம் நடந்த ஞாயிறு பின்னேரம் நானும் அவர்களோடு ஓட்டோவில் ஏறினேன். பேர்னாட் அண்ணனை இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அவர் பழைய தொப்பியைப் போட்டிருந்தார். அக்கா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, மீன் கட்லட் பொரித்து ஒரு டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். வீதியெல்லாம் கொடியும் குழலும் வெளிநாட்டு முகங்களும். மாளிகாவத்தைச் சந்திக்கு மேலே ஓட்டோவை விடவில்லை. மிச்சத் தூரத்தை அண்ணனின் நடையில் நடந்தோம். அந்த நடைக்குச் சனம் விலகி வழிவிட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வாசலுக்குக் கிட்டப் போகையில் ஓர் ஆள் மறித்தார். முகத்தில் தன் நாட்டுக் கொடியைப் பூசியிருந்தார். பக்கத்தில் பெண்சாதியும் அதே பூச்சோடு. காலையில்தான் பிளேனில் வந்து இறங்கினார்களாம், வாங்கி வைத்த டிக்கட் ஏமாற்று டிக்கட்டாம். அந்த மனிதர் அழாக்குறையாக இங்கிலீஷில் சொன்னார்; நான் அக்காவுக்குச் சொன்னேன். நாங்கள் கொடுத்ததைப்போல் ஐந்து மடங்கு தருவாராம், இப்போதே, கையில்.

ஐந்து மடங்கு. பேர்னாட் அண்ணனுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளையை, காசு இல்லாமல்தான் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் காசுக்கு அவளை ஒரு வருஷத்துக்கு வரச் சொல்லலாம். நான் சொல்ல வாய் எடுப்பதற்கு முன்னரே அண்ணன் சட்டைப் பையிலிருந்து இடது கையால், அச்செடுத்து வைத்திருந்த இரண்டு டிக்கட்டையும் இழுத்து எடுத்து நீட்டிவிட்டார். வாழ்நாள் முழுவதும் கெத்தாராமை கெத்தாராமை என்று கிடந்த மனிதர், வாசலில் வைத்து நீட்டினார்.

"குடு... றஞ்சி. எங்களுக்கு... இல்ல... இது."

அந்த மனிதருடைய விரல் டிக்கட்டில் பட்டுவிட்டது. றஞ்சிதம் அக்கா இடையில் கையைப் போட்டுப் பறித்தார். "பெஹெ மாத்தயா" என்றார். அந்த வெளிநாட்டுக்காரனுக்குச் சிங்களம் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. வெளியாட்களோடு அவர் பேசும் பாஷை அதுதான். முடியாது என்பது மட்டும் அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. அக்கா புருஷனின் பக்கம் திரும்பி, "உங்கட காலை ஆரும் ஐஞ்சு மடங்குக்குக் கேட்டா குடுப்பீங்களே?" என்றார். அண்ணன் பொல்லை வாசல் பக்கம் திருப்பினார். நானாக இருந்தால் விற்றிருப்பேன். இப்போதும் சொல்கிறேன், விற்றிருப்பேன்.

உள்ளே சாப்பாடு கொண்டுபோக விடவில்லை. கட்லட் டப்பாவை என் கையில் தந்துவிட்டு இருவரும் வாசலுக்குள்ளே போனார்கள்.

நான் வீட்டுக்கு வந்து டீவியைப் போட்டேன். எங்கள் பக்கத்தில் டீவியில் ஆட்டம் பார்ப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. மைதானத்துச் சத்தம் காற்றில் முதலில் வந்துவிடும், விக்கெட் அதற்குப் பிறகுதான் டீவியில் விழும். எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. இருந்தும் கமரா சனத்தின் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தரமும் அந்தத் தொப்பியைத் தேடினேன். அகப்படவில்லை. கடைசி ஓவரில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும் அளவுக்குச் சத்தம் வந்தது. சரி, ஆள் கதிரையில் ஏறிவிட்டார், பொல்லையும் எறிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போக இறங்கும்போதே படியில் றஞ்சிதம் அக்காவின் சத்தம் கேட்டது. கையில் சீப்போடு, பாதி வாரிய தலையோடு, கட்டிலில் இருக்கும் புருஷனை நின்றபடி ஏசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறைப்பாடு என் பக்கம் திரும்பியது.

"கேள் உஷா இந்த மனிசன் செய்த வேலையை! நான் முதல் ஓவர் முடிய முன்னமே நித்திரையாப் போனன். கதிரையில போய் இருந்ததுதான் தெரியும். அந்த வெளிச்சம், அந்தச் சத்தம், பின்னுக்கு நிண்டு குழல் ஊதுறாங்கள், ஒண்டும் கேக்கேல்ல. எல்லாம் முடிஞ்சு சனம் இறங்கிப் போகேக்கதான் இவர் தட்டி எழுப்பினவர். முதல் போலிலயிருந்து கடைசி போல்வரைக்கும் எண்டு சொன்னனான். ஒரு போல் பாக்கேல்ல! இனி நான் என்ன முகத்தோட கொச்சிக்கடைக்குப் போறது? திரும்ப ஒருக்கா முதல்லயிருந்து போகோணும்."

திரும்ப ஒருமுறை என்றதும் எனக்குத் தலை சுற்றியது. அவர் தேத்தண்ணி எடுக்க அடுப்படிக்குப் போனார். நான் கட்டிலுக்குக் கிட்டப் போனேன்.

"ஏன் அண்ணன், ஒருக்கா எழுப்பியிருக்கலாமே?"

அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

"நீங்களாவது வடிவாப் பாத்தீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? கடைசி ஓவர் ஆர் போட்டது?"

"தெரியா."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். உலகமே பார்த்த ஓவர், எனக்குக்கூடப் பெயர் தெரியும். அவர் இடது தோளைக் கையால் காட்டினார், பிறகு மெல்ல மெல்லச் சொன்னார்.

"சனம்... எல்லாம்... எழும்பிட்டுது. முன்னுக்கு... முதுகுதான். எழும்பினாத்தான்... தெரியும்." கொஞ்சம் மூச்சு விட்டார். "எழும்பினா... தோளில... படுத்தவ... முழிச்சிடுவா."

"அதுக்கு?"

"ஐஞ்சு மாசம்... நிண்டவ. இருந்தவ... இருக்கட்டும் எண்டு... விட்டனான்."

நான் திரும்பினேன். அடுப்படி வாசலில் றஞ்சிதம் அக்கா இரண்டு கோப்பையோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. முகத்தில் இருந்த கோபம் எங்கேயோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் களைப்பு மட்டும்தான் இருந்தது, அத்தனை மாதத்துக் களைப்பு.

"அப்ப நேர்த்தி?" என்று கேட்டார். சின்னக் குரலில் கேட்டார்.

"அந்தோனியாருக்கு... நான்... சொல்லுறன்."

றஞ்சிதம் அக்கா கோப்பைகளை ஜன்னல் விளிம்பில் வைத்தார். தலையில் செருகியிருந்த சீப்பையும் எடுத்து வைத்தார். பிறகு கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். வேலை நாளில், விடிந்த பிறகு அவர் காலாற இருந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். சந்தியில் எங்கள் பஸ் ஹோன் அடிப்பது கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். நான் தோளிலிருந்த பையைக் கழற்றி வைத்தேன்.

அன்றைக்கு இரண்டு பேரும் கடைக்குப் பிந்தித்தான் போனோம். முதலாளி அரைநாள் சம்பளத்தை வெட்டினார். வெட்டட்டும்.